முதல் மணி நேரத்துப் பழத்தோசை

உட்காரும் தம்பி. கத்தி ஒன்றும் ஆகப்போவதில்லை. அந்த சிஸ்டர் பெண்ணிடம் சத்தம் போட்டு என்ன பிரயோஜனம்? மூன்றாம் நம்பர் டயாலிசிஸ் மெஷினில் உம்முடைய அம்மாவை ஏற்றாமல் வேறு ஆளை ஏற்ற வைத்தது அவள் இல்லை. நான்.

ஆமாம், நான்தான். உள்ளே அந்த மெஷினில் படுத்திருப்பது என் வீட்டுக்காரி. உலகம்மாள்.

அடிக்க வேண்டுமென்றால் அடியும். உட்கார்ந்துகொண்டே அடிக்கலாம். நின்றுகொண்டு பேசுகிறவர்களை எனக்குப் பிடிக்காது. இருபத்தெட்டு வருஷம் பஸ் ஸ்டாண்டில் டைம் கீப்பராக இருந்தவன் நான். நின்றுகொண்டு கத்துகிறவர்களைத்தான் தினமும் பார்த்தேன். வண்டி ஏன் வரவில்லை, வண்டி ஏன் போய்விட்டது. மொத்தமே இரண்டு கேள்வி. இரண்டுக்கும் நான் பதில் சொன்னதில்லை. கடிகாரத்தைக் காட்டுவேன்.

உமக்கும் அதையே காட்டுகிறேன். மணி பன்னிரண்டு பத்து. அவளைப் பதினோரு மணிக்கு ஏற்றினார்கள். இரண்டு மணி நேரம் என்று டாக்டர் எழுதியிருக்கிறார். ஒரு மணிக்கு இறக்கிவிடுவார்கள். மெஷினைக் கழுவ அரை மணி. ஒன்றரைக்கு உம்முடைய அம்மா. அவ்வளவுதான் தாமதம்.

உம்முடைய அம்மாவைப் பார்த்தேன். கால் வீங்கியிருக்கிறது. மூச்சு வாங்கவில்லை. அதையும் பார்த்தேன். ராதாபுரம் வண்டியிலா வந்தீர்கள்? அது எட்டேகாலுக்கு வரவேண்டிய வண்டி. எட்டரைக்கு முன்னால் வந்து நான் பார்த்ததில்லை.

எதற்காக உங்கள் மெஷினைப் பிடித்தோம் என்றா? சொல்லத்தானே உட்காரச் சொன்னேன். சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். எனக்கு நீட்டிப் பேச வராது. அவள் காலையில் பழத்தோசை தின்றாள். அதுதான் விஷயம்.

ஒரு துண்டு. ருசிக்கு.

முறைக்காதேயும். உம்முடைய அம்மாவுக்கும் அதே சீட்டைத்தானே கொடுத்திருப்பார்கள். வாழைப்பழம் கூடாது. இளநீர் கூடாது. ஆரஞ்சு கூடாது. எங்கள் வீட்டில் அது பிரிட்ஜ் கதவில் ஒட்டியிருக்கிறது. ஒட்டினது நான். வாழைப்பழத்துக்குக் கீழே சிவப்பு மையால் இரண்டு கோடு போட்டதும் நான். கிட்னி போனவர்களுக்குப் பழத்தில் இருக்கிற பொட்டாசியம் வெளியே போக வழி கிடையாது. சேர்ந்தால் நெஞ்சு நின்றுவிடும். இதெல்லாம் எனக்கு மனப்பாடம். தெரியாமல் கொடுத்தேன் என்று சொல்லமாட்டேன். அந்தப் பொய் எனக்கு வேண்டாம்.

நீர் இங்கே வர ஆரம்பித்து எத்தனை வாரம்? மூன்றா? அப்படியானால் உமக்குத் தெரிந்திருக்காது. இங்கே ஒரு வழக்கம் இருக்கிறது. சீட்டில் எழுதாதது. மெஷினில் ஏற்றிய முதல் ஒரு மணி நேரத்துக்குள் எதையாவது கொஞ்சம் வாயில் போட்டுக்கொண்டால், பாக்கி மூன்று மணி நேரத்தில் மெஷினே அதை எடுத்துவிடும். இது நோயாளிகள் போட்ட கணக்கு. எங்கள் பக்கத்துப் படுக்கை காதர் மைதீன் பாய், மேலப்பாளையத்துக்காரர். ஆறு வருஷமாக வருகிறார். போர்வைக்குள் கையை விட்டு ஓர் ஆரஞ்சுச் சுளையை எடுப்பார். அதிலும் பாதி. கண்ணை மூடிக்கொண்டு மெல்லுவார். முடிந்ததும் மேலே ஓடுகிற ஃபேனைப் பார்த்துக்கொண்டு கிடப்பார், நிக்காஹ் விருந்து முடித்தவர் மாதிரி. சிஸ்டர்களுக்கு வாசனை தெரியாதா என்ன. தெரியும். அந்தப் பக்கம் திரும்பிப் போய்விடுவார்கள்.

டாக்டர் பார்த்தால் வேறு கதை. போன மாசம் ஒருத்தர் மாம்பழத் துண்டு கொண்டுவந்து மாட்டினார். பெயரை வெட்டிவிட்டார்கள். இப்போது வாரம் மூன்று தடவை மதுரைக்குப் போய்வருகிறார். எழுபது வயசு. நாங்கள் மதுரைக்குப் போகமுடியாது. அவளால் ஆட்டோவில் பத்து நிமிஷத்துக்கு மேல் உட்கார முடியாது. இந்த மெஷின் இல்லையென்றால் அவளுக்கு எந்த மெஷினும் இல்லை. இதை மனசில் வைத்துக்கொண்டு மிச்சத்தைக் கேளும்.

நாக்கு. எல்லாம் அவள் நாக்கு செய்த வேலை. பாய் ஆரஞ்சு தின்பதைப் பார்த்துப் பார்த்து ஆசை வந்துவிட்டது. பழத்தோசை வேண்டும் என்று கேட்டாள்.

என்ன கேட்டாள் என்றால்... எப்படிச் சொன்னாள் என்று கேட்கிறீரா. போன வாரம் இங்கிருந்து ஆட்டோவில் போகிறோம். சிக்னலில் நிற்கிறது. ஓரத்தில் பழக்கடை. நாட்டுப்பழத் தார், தோல் கறுத்துப்போய்த் தொங்குகிறது. பார்த்துவிட்டு, "இந்தப் பழம் தோசைக்கு ஆகும்" என்றாள்.

அவ்வளவுதான் சொன்னாள். அதற்கு மேல் என்ன சொல்லவேண்டும்? நாற்பத்தொரு வருஷம் குடும்பம் நடத்தினவனுக்குப் புரியாதா?

அவள் முன்னெல்லாம் செய்வாள். வெள்ளிக்கிழமை பூஜைக்கு வாங்கின பழம் மிஞ்சிக் கறுத்துப்போனால் பிசைந்து தோசையாக ஊற்றிவிடுவாள். நான் கறுத்த பழத்தை என் தலையில் கட்டுகிறாள் என்று நினைப்பேன். சொல்லியும் இருக்கிறேன். ஆனால் தின்றுவிடுவேன். காலையில் ஏழு பத்துக்கு நான் வாசல் தாண்டவேண்டும். ஏழு மணிக்குத் தட்டில் இருக்கும். அது எப்படித் தட்டுக்கு வந்தது என்று நான் யோசித்ததே இல்லை.

திங்கள்கிழமை பழம் வாங்கினேன். அந்தக் கடைக்கே போய். அவன் கறுத்த பழத்தைக் காட்டினான், அழுகலைத் தள்ளிவிடப் பார்க்கிறாயா என்று சொல்லி நல்ல மஞ்சளாக ஒரு சீப்பு வாங்கினேன். அன்றைக்குச் சாயங்காலமே கரைத்தேன். பிசைந்தால் பிசைபடவில்லை. கட்டி கட்டியாக நிற்கிறது. உரலில் போட்டு இடித்தேன். கல்லை நன்றாகக் காயவைத்து ஊற்றினேன். மேலே கரி, உள்ளே பச்சை மாவு. வீடு முழுக்கப் புகை. அவள் அடுக்களை வாசலில் பிளாஸ்டிக் சேர் போட்டு உட்கார்ந்திருந்தாள். இருமினாள். இருமி முடித்துவிட்டுச் சொல்கிறாள், "உங்களுக்கு விசில் ஊதினா எல்லாம் கிளம்பிரணும். பழம் கிளம்பாது. அதுவாத்தான் கறுக்கும்."

சிரிக்காதேயும். அவளும் அப்படித்தான் சிரித்தாள்.

புதன்கிழமை பழம் கொஞ்சம் புள்ளி விழுந்திருந்தது. கருப்பட்டியை உடைத்து அப்படியே மாவில் போட்டுவிட்டேன். கரையவில்லை. பல்லில் மண் கடிபட்டது. தண்ணீர் வேறு கூடிப்போய், திருப்பும்போது கல்லோடு ஒட்டிக் கிழிந்தது. அதையும் நானே தின்றேன். செய்ததைக் கொட்டுகிற பழக்கம் எங்கள் வீட்டில் கிடையாது. அவள் ஒவ்வொன்றாகச் சொன்னாள். கருப்பட்டியைச் சுடுதண்ணீரில் கரைத்து வடிகட்டவேண்டும். மாவு கரண்டியிலிருந்து தொப்பென்று விழவேண்டும், ஓடக்கூடாது. கரைத்ததும் ஊற்றக்கூடாது, கொஞ்சம் ஊறவேண்டும். எனக்கு எரிச்சல். இதற்கெல்லாம் காத்துக்கொண்டு நிற்க முடியுமா? ஒருத்தி சும்மா உட்கார்ந்துகொண்டு சொல்லிக்கொண்டே இருந்தால் யாருக்குத்தான் எரிச்சல் வராது?

நடுவில் அவள் வேண்டாம் என்றும் சொன்னாள். அதையும் சொல்லிவிடுகிறேன். "பாய் அரைச்சுளை திங்காரு. நீங்க என்னத்துக்குப் படியால அளந்து மாவு கரைக்கீங்க? எனக்கு ஆகாது. விடுங்க" என்றாள். ஒப்புக்குச் சொல்வது. கல்யாண வீட்டில் போதும் போதும் என்று இலையை மறைப்பார்கள் இல்லையா, அந்த மாதிரி. நான் பேச்சை வளர்க்கவில்லை. விசில் ஊதியபிறகு பேச்சு கிடையாது எனக்கு.

அதைப்பற்றி ஒன்று சொல்கிறேன். எண்பத்தொன்பதில் ஒரு நாள், அவள் கைக்குழந்தையோடு அம்பாசமுத்திரம் போக பஸ் ஸ்டாண்டுக்கு வந்தாள். அவள் அம்மாவுக்கு உடம்பு சரியில்லை. இரண்டு நிமிஷம் லேட். நான் விசில் ஊதிவிட்டேன். படிக்கம்பியில் கை வைத்துவிட்டாள். டிரைவர் என்னைப் பார்க்கிறான். எடு என்றேன். பெண்டாட்டிக்கு ஒரு நேரம், ஊருக்கு ஒரு நேரமா? அடுத்த வண்டி ஒரு மணி பத்து நிமிஷம் கழித்து. பிள்ளையை வைத்துக்கொண்டு நின்றாள். திரும்பி வந்தபிறகு, "சரியான நேரத்துக்கு எடுத்தீங்க" என்றாள், அவ்வளவுதான். இன்றுவரை ஆபீசில் எனக்கு ஒருத்தனும் அப்படி ஒரு பாராட்டுச் சொன்னதில்லை.

என்ன அப்படிப் பார்க்கிறீர்?

சரி. இன்றைக்கு வெள்ளிக்கிழமை. நாலரைக்கு எழுந்தேன். பழம் நல்ல கறுப்பு. தோலை உரித்தால் கையோடு வருகிறது. மூன்று பழம். கையாலேயே பிசைந்தேன், கூழாகிவிட்டது. கருப்பட்டியை வடிகட்டினேன். ஒரு தம்ளர் கோதுமை மாவு, ஒரு பிடி அரிசி மாவு, ஏலக்காய் இரண்டு, சுக்கு ஒரு சிட்டிகை, உப்பு ஒரு கல். அவள் சேரில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். நான் கேட்டதற்கு மட்டும், "பத்து நிமிஷம் விடுங்க" என்றாள். வாட்சைக் கழற்றி மேடைமேல் வைத்துக்கொண்டு பத்து நிமிஷம் நின்றேன். பத்து நிமிஷம் எவ்வளவு நீளம் என்று உமக்குத் தெரியுமா? எனக்கு இன்றைக்குத்தான் தெரிந்தது. அதற்கு அப்புறம் இன்னொரு தடவையும் தெரிந்தது. அதைப் பிறகு சொல்கிறேன்.

கல்லை வெங்காயத்தால் துடைத்தேன். தீயைக் குறைத்தேன். உள்ளங்கை அளவுக்குத் தடியாக ஒன்று. "மூடி போட்டுட்டு நூறு எண்ணுங்க" என்றாள். எண்ணினேன். நடுவில் திறக்கவில்லை. திறந்தால் மேலே பொத்துப் பொத்தாக ஓட்டை, ஓரம் சிவந்து வந்தது. திருப்பினேன். கிழியவில்லை. ஒட்டவில்லை. அரக்கு நிறம் தம்பி. அப்படியே அரக்கு. நெய் ஒரு சொட்டு. அந்த வாசனைக்குப் பக்கத்து வீட்டு அம்மாள் ஜன்னலைத் திறந்து எட்டிப் பார்த்தாள்.

உலகம்மாளுக்குக் காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்தாள். தோசையை இல்லை, என்னை. ஏனோ.

டப்பாவில் போட்டு, துண்டில் சுற்றி, துணிப்பையில் வைத்துக்கொண்டு வந்துவிட்டோம். ஆறு ஐம்பதுக்கு அவளை ஒன்றாம் நம்பர் மெஷினில் ஏற்றினார்கள். வலது கையில் ஊசி. அசைக்கக் கூடாது. கூட வந்தவர்கள் ஆரம்பத்தில் கொஞ்ச நேரம் உள்ளே நிற்கலாம். நின்றேன். சிஸ்டர் பெனிட்டா, நீர் கத்தினீரே அந்தப் பெண்தான், அவள் மறுபக்கம் போனதும் டப்பாவைத் திறந்தேன். ஏழு ஐந்து. பிட்டு வாயில் வைத்தேன். கண்ணை மூடிக்கொண்டு மென்றாள். எப்படி என்று கேட்டேன். "உப்பு சரியா இருக்கு" என்றாள்.

உப்பு. இத்தனை பாடுபட்டுச் செய்ததற்கு உப்புச் சரியாக இருக்கிறதாம். நன்றாக இருக்கிறது என்று சொல்ல வாய் வருகிறதா பாரும். அது முதலில் எடுத்தது, கல் அவ்வளவாகக் காயாதபோது ஊற்றியது. அடுத்தது அதைவிட நன்றாக வெந்திருந்தது. அதை...

அதில் ஒரு துண்டு கொடுத்தேன் என்று சொல்ல வந்தேன்.

ஏழரைக்குள் முடிக்கவேண்டும் என்பது என் கணக்கு. முதல் மணி நேரத்திலும் முதல் பாதி. மெஷினுக்கு எடுக்க நிறைய நேரம் இருக்கும். சரியான கணக்குத்தானே? ஏழு முப்பத்துநாலுக்கு மெஷின் கத்தியது. சிவப்பு விளக்கு. பெனிட்டா ஓடிவந்தாள். எதையோ அமுக்கினாள், எதையோ திருகினாள். டெக்னீஷியன் வந்தான். மெஷின் போய்விட்டது. மற்ற ஐந்திலும் ஆள். பதினோரு மணிவரை ஒன்றும் காலியாகாது. ஊசியை எடுத்துவிட்டு, பாட்டிக்கு உடம்பில் தண்ணீர் சேர்ந்து எடை ஒன்றும் ஏறவில்லை, பயமில்லை, வீட்டுக்குப் போய்விட்டு நாளைக்கு மத்தியானம் வாருங்கள் என்றார்கள்.

நான் வாயைத் திறந்தேன். உலகம்மாள் இடது கையால் என் விரலைப் பிடித்தாள். நகம் பதிகிற மாதிரி. பாரும், இன்னும் தடம் இருக்கிறது. சொல்லாதே என்று அர்த்தம். சொன்னால் பெயர் வெட்டு. சொல்லாவிட்டால் பழம் உள்ளே, மெஷின் வெளியே. நாளை மத்தியானம்வரை.

சொல்லவில்லை. கூட்டிக்கொண்டு வெளியே வந்தேன். ஆட்டோவில் ஏற்றினேன். வாசலில் அந்த வேப்பமரம் இருக்கிறதே, அங்கேதான் ஆட்டோ நின்றது. டிரைவர் ஸ்டார்ட் பண்ணிவிட்டான். நான் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. வாட்சைப் பார்த்தேன். ஏழு ஐம்பத்தெட்டு. பத்து நிமிஷம் ஓட்டம் வீட்டுக்கு. பத்து நிமிஷம். அப்போது அவள் சொல்கிறாள், "உதடு மரத்த மாதிரி இருக்கு. பயப்படாதீங்க."

எனக்கு என்ன பயம்?

ஆட்டோ கேட்டைத் தாண்டிவிட்டது. நிறுத்து என்றேன். எடுத்த வண்டியை நான் நிறுத்தினதில்லை தம்பி. இருபத்தெட்டு வருஷத்தில் ஒரு தடவை இல்லை. நிறுத்தினேன். இறங்கி உள்ளே வந்து, இவள் வாழைப்பழம் சாப்பிட்டிருக்கிறாள் என்று சொன்னேன். வார்டு வாசலில் நின்றபடியே சொன்னேன். எல்லோர் காதிலும் விழுந்திருக்கும். காதர் பாய் காதிலும்.

அவளைச் சக்கர நாற்காலியில் வைத்துத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். நெஞ்சில் ஒயர் ஒட்டிப் படம் எடுத்தார்கள். டாக்டர் அந்தக் காகிதத்தை இரண்டு தடவை பார்த்தார். டாக்டர் இரண்டு தடவை பார்த்தால் நமக்குத் தெரிந்துவிடும். கையில் ஊசி போட்டார்கள். ரத்தம் எடுத்து அனுப்பினார்கள். பதினோரு மணிக்கு மூன்றாம் நம்பர் காலியானதும் உம்முடைய அம்மாவை வெளியே உட்காரவைத்துவிட்டு இவளை ஏற்றிவிட்டார்கள். இதுதான் நடந்தது.

உலகம்மாளா? அவளிடம் கேட்டதற்கு, "நான் ஒண்ணும் திங்கலை, அவருக்கு வயசாச்சு, உளறுதாரு" என்றாள். டாக்டர் முன்னால். நாற்பத்தொரு வருஷத்தில் என்னைப் பொய்யன் ஆக்கியது இதுதான் முதல் தடவை. உள்ளே தள்ளிக்கொண்டு போகும்போது சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். மெஷின் போய்விடுமே என்று கோபம். இருக்கட்டும். உயிரோடு இருந்து கோபப்படட்டும்.

பெயரை வெட்டுவார்களா என்று தெரியாது. அப்புறம் பேசிக்கொள்ளலாம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். அதனால்தான் நானும் பெரிதுபடுத்தாமல் ருசிக்கு ஒரு துண்டு என்று சொன்னேன். ருசி பார்த்தவளுக்கு ஒரு நியாயம் இருக்கும் இல்லையா. பெனிட்டா என்னைத் தனியாகக் கூப்பிட்டு இரண்டு தடவை கேட்டாள். "தாத்தா, இப்ப ரத்தத்துல பார்த்தா முழுசும் தெரியாது. வயித்துல இருக்கது இனிமேத்தான் இறங்கும். எவ்வளவுன்னு சரியாச் சொல்லுங்க. அதை வச்சுத்தான் எத்தனை மணி நேரம் ஓட்டணும்னு பாப்பாங்க." ஒரு துண்டு என்றேன். அப்படியானால் இரண்டு மணி நேரம் போதும், அடுத்த ஆளும் காத்திருக்கிறார்கள் என்று டாக்டர் எழுதினார்.

அடுத்த ஆள் உம்முடைய அம்மா.

நீர் சாப்பிட்டீரா? காலையில் ஏழு மணி வண்டியைப் பிடித்திருப்பீர். ஒன்றும் தின்றிருக்க மாட்டீர். கத்துகிற சத்தத்திலேயே தெரிந்தது, வெறும் வயிற்றுக் கத்தல். இந்தாரும். டப்பாவில் ஒன்று இருக்கிறது. ஆறிப்போயிருக்கும். உமக்குக் கிட்னி நன்றாகத்தானே இருக்கிறது? அப்படியென்றால் எடும். கையைத் துடைத்துக்கொண்டு எடும்.

எப்படி இருக்கிறது? நன்றாக இருக்கிறதா? அதைச் சொல்ல இவ்வளவு நேரமா. உப்பு எப்படி?

ம்.

எத்தனை கொண்டுவந்தேன் என்றா? நாலு. நாலு ஊற்றினேன், நாலும் நன்றாக வந்தது.

ஏன் மெல்லுவதை நிறுத்திவிட்டீர்?

நான் தின்றேனா என்று கேட்கிறீர். இல்லை. நான் எங்கே தின்றேன். எனக்குக் காலையில் இட்லி.

பேசாமல் மெல்லும்.

அவள் முதலாவதை முடித்ததும் போதும் என்றாள். போதும் என்றால் போதும் என்று எனக்குத் தோன்றவில்லை. நான் இரண்டு நாள் கரியும் மண்ணும் தின்றவன். நன்றாக வந்ததே இன்றைக்குத்தான். இரண்டாவது இதைவிட நன்றாக இருக்கிறது பார் என்றேன். வாயைத் திறந்தாள். அதை முடிக்க ஏழு பதினெட்டு ஆகிவிட்டது. "வயிறு நிறைஞ்சிட்டு, எடுத்து வைங்க" என்றாள். ஏழரைக்கு இன்னும் பன்னிரண்டு நிமிஷம் இருக்கிறது, சீக்கிரம் தின் என்றேன். வாட்சைக் காட்டினேன். என் முகத்தைப் பார்த்தாள். தின்றாள். கடைசி வாய் இறங்கவில்லை, தண்ணீர் கேட்டாள். தண்ணீரும் அளவுதானே அவளுக்கு. ஒரு மூடி கொடுத்தேன்.

நாலாவதையும் எடுத்தேன். அப்போதுதான் மெஷின் கத்தியது.

அவள் நாக்கு என்று சொன்னேன் இல்லையா, அதை விட்டுவிடும்.

துண்டு இல்லை. மூன்று. முழுசாக மூன்று.

மணி என்ன? பன்னிரண்டு முப்பத்தைந்து. ஒரு மணிக்கு இறக்கிவிடுவார்கள். இறக்கி வீட்டுக்கு அனுப்புவார்கள். மூன்று தோசையில் இரண்டு அப்போதும் உள்ளே இருக்கும்.

மூன்று என்று நான் போய்ச் சொன்னால் நாலு மணி நேரம் ஓட்டுவார்கள். மத்தியானம் மூன்று மணி ஆகிவிடும். அதற்குள் மத்தியான ஷிப்ட் ஆட்கள் வந்து உட்கார்ந்துவிடுவார்கள். அப்புறம் உம்முடைய அம்மாவுக்கு எட்டு மணிக்குத்தான் மெஷின். கடைசி ராதாபுரம் வண்டி ஒன்பது ஐந்து. உங்களுக்குக் கிடைக்காது. எங்கள் பெயரும் நிச்சயமாக வெட்டு. ருசி பார்த்தாள் என்கிற கதை ஓடாது. இவ்வளவும் எனக்குத் தெரியும். பதினோரு மணியிலிருந்து இந்தப் பெஞ்சில் உட்கார்ந்து இதையேதான் கணக்குப் போடுகிறேன். நீர் வந்து கத்தியதும் நல்லதாகப் போயிற்று என்று நினைத்தேன். இவருக்காகத்தான் சொல்லாமல் இருக்கிறேன் என்று வைத்துக்கொள்ளலாம் பாரும். இன்னொருத்தர் அம்மா காத்திருக்கிறாள், நான் எப்படிச் சொல்வது என்று.

அதற்குத்தான் உம்மை உட்காரவைத்தேனோ என்னவோ. எனக்கே தெரியவில்லை.

நீர் டப்பாவைத் திறந்து கேட்காவிட்டால் சொல்லியிருப்பேனா என்றா? தெரியாது.

என்ன முணுமுணுக்கிறீர்? போங்க என்றீரா, போகாதீங்க என்றீரா? எனக்குக் காது சரியில்லை. வேண்டாம், திருப்பிச் சொல்ல வேண்டாம். நான் உம்மிடம் உத்தரவு கேட்கவில்லை.

இந்தாரும் சாவி. சமாதானபுரத்தில் வீடு, தண்ணீர்த் தொட்டிக்கு எதிர்ச்சந்து, பச்சைக் கதவு. உம்முடைய அம்மாவை ஆட்டோவில் கூட்டிக்கொண்டு போய்க் கட்டிலில் படுக்கவையும். காலுக்குத் தலையணை வையும். ஏழரைக்குத் திரும்பிவந்தால் போதும். மூச்சு வாங்க ஆரம்பித்தால் ஏழரை எல்லாம் பார்க்காதேயும், உடனே கூட்டிக்கொண்டு வாரும். ராத்திரி அங்கேயே தங்கிவிட்டுக் காலையில் முதல் வண்டிக்குப் போகலாம். அஞ்சு இருபது. அது மட்டும் நேரத்துக்கு வரும்.

அடுக்களையில் கல் கழுவாமல் கிடக்கும். கண்டுகொள்ள வேண்டாம். கிண்ணத்தில் இரண்டு தோசைக்கு மாவு மிச்சம் இருக்கிறது. பசித்தால் ஊற்றிக்கொள்ளும். தீயைக் குறைத்து வையும். மூடிபோட்டு நூறு எண்ணும். நடுவில் திறக்காதேயும். உம்முடைய அம்மா கேட்டால் கொடுக்காதேயும்.

கேட்காவிட்டால், கொடுக்கவே கொடுக்காதேயும்.

காலை மடக்கும். வழியை விடும். கதவைத் தட்டவேண்டும்.

சிஸ்டர். பெனிட்டா சிஸ்டர். நான்தான். அவளை ஒரு மணிக்கு இறக்க வேண்டாம். டாக்டரைக் கூப்பிடு. துண்டு இல்லம்மா. மூணு.